நிற்காத பலகையில் நிற்பது

தன் உடம்புக்கென்று அளவு கொடுத்துச் செய்யச் சொன்ன அலைப்பலகை கைக்கு வந்த அன்று, பலரால் அதன்மேல் நிற்கவே முடிவதில்லை. அதுவரை பழைய பலகையில் மணிக்கணக்கில் நின்று துடுப்புப் போட்டவர்கள்தான். அடுத்த அலை வரும்வரை பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே நின்றவர்கள்தான். புதியதில் ஏறி நிமிர்ந்ததும் முழங்கால் வெடவெடக்கிறது. பலகை இடப்பக்கம் சரிகிறது. அதைத் திருத்தப் போனால் வலப்பக்கம் கவிழ்கிறது. காசைச் செலவழித்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பொருள் இப்படி உதறித் தள்ளினால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: செய்தவர் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார்.

அநேகமாக அவர் தப்பாகப் போட்டிருக்க மாட்டார். ஓடாமல் ஓரிடத்தில் மிதக்கும்போது, மேலே ஒரு மனிதரைச் சுமந்தபடி தானாக நிமிர்ந்து நிற்கும் தன்மை அந்தப் பலகைக்கு இல்லை. கணக்குப் போட்டால் அது கவிழ வேண்டிய பொருள். அதைக் கவிழாமல் வைத்திருப்பது ஏறி நிற்பவரின் நரம்பு மண்டலம். பட்டறையிலிருந்து வருவது பாதிப் பலகைதான். மீதிப் பாதி சிறுமூளைக்குள் உருவாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம். ஆனால் பலகையின் கணக்கைப் பார்க்காமல் உடம்பின் கணக்குக்குப் போக முடியாது.

நின்றபடி துடுப்புப் போட்டு அலையில் சறுக்குவது ஹவாய்த் தீவுகளில் உருவான பழக்கம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில், ஹொனலுலுவின் வைகிகி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்த ‘பீச் பாய்ஸ்’ என்ற பயிற்சியாளர்கள், பெரிய பலகைகளில் நின்றுகொண்டு, படகுத் துடுப்பைக் கையில் பிடித்துக் கடலுக்குள் போனார்கள். நின்றால் மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். தூரத்தில் எழும் அலையும் முன்கூட்டியே தெரியும். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுப் படமும் எடுத்துக் கொடுக்கலாம். ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோகுவும் ஆ சோய் குடும்பத்தாரும் அப்படிச் சென்றவர்கள். பிறகு நெடுங்காலம் அது வைகிகியில் ஒரு சிலரோடு நின்றுபோயிற்று. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற ஹவாய் அலைச்சறுக்கு வீரர்கள் மறுபடியும் கையிலெடுத்த பிறகே உலகம் முழுக்கப் பரவியது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலும் இன்று இதற்கு ஓர் இளைஞர் கூட்டம் இருக்கிறது. இந்தப் பிரிவில் இந்தியாவின் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்ற சேகர் பச்சை அந்த ஊர்க்காரர்.

ஆரம்பத்தில் பலகைகள் 12 அடி நீளம்கூட இருந்தன. அதில் நிற்பது சுலபம், திருப்புவது கடினம். அலையின் சரிவில் பலகையைச் சட்டென்று வளைத்துத் திருப்ப வேண்டும் என்ற ஆசை வந்ததும் நீளமும் அகலமும் குறையத் தொடங்கின. இன்று அலைக்கென்றே செய்யப்படும் பலகைகள் 8 அடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. தேர்ந்தவர்கள் அதற்கும் கீழே போகிறார்கள். பலகையின் நுரைக்கட்டையைச் சீவி உருவம் கொடுப்பவரை ஷேப்பர் என்கிறார்கள். அவர் உங்கள் எடை, உயரம், அனுபவம், எந்தக் கடற்கரை, எவ்வளவு உயர அலை என்றெல்லாம் கேட்டுக்கொண்டு, கணினியில் உருவத்தை வரைந்து, எத்தனை லிட்டர் கொள்ளளவு வருகிறது என்று பார்க்கிறார். இயந்திரம் முரட்டு உருவத்தை வெட்டித் தரும். கடைசிச் சீவலும் உப்புத்தாள் தேய்ப்பும் கையால் நடக்கும். முடிந்ததும் நீளம், அகலம், தடிமன், லிட்டர் ஆகியவற்றைப் பலகையின் அடிப்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பது பட்டறை வழக்கம்.

கட்டையாகப் பயன்படுவது பெரும்பாலும் ஈ.பி.எஸ். நுரை, அதாவது தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருகிற தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல் கண்ணாடியிழைத் துணி, எபாக்சி பிசின். பழைய பாலியூரித்தேன் நுரைக்கட்டைகளை அமெரிக்காவில் பெருமளவு தயாரித்து வந்த கலிபோர்னியாவின் கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென்று மூடப்பட்டது. பட்டறைகள் மாற்றுப் பொருளைத் தேடியபோது ஈ.பி.எஸ். நுரைக்கு வாசல் திறந்தது. நின்று ஓட்டும் பலகைக்கு அது மிகவும் பொருந்தியது. கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் 110 லிட்டர் நுரையின் எடை 2 கிலோ 200 கிராம்தான். துணி, பிசின், அடிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் என்ற தகட்டைச் செருகும் பெட்டி, காலடி மெத்தை எல்லாம் சேர்ந்தும் 8 கிலோ அளவில் நிற்கும். நுரைக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிந்து மேல்தோலைப் பிரித்துவிடாமல் இருக்க, சிறிய காற்றுத் திருகு ஒன்றும் பதித்திருப்பார்கள்.

இப்போது ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 8 அடி 2 அங்குலம், அகலம் 29 அங்குலம், நடுவில் தடிமன் 4 அங்குலத்துக்குச் சற்று மேல், கொள்ளளவு 108 லிட்டர். ஏறுபவர் 80 கிலோ. பலகை 8 கிலோ. துடுப்பு, கணுக்காலில் கட்டும் லீஷ், நனைந்த உடை எல்லாம் 2 கிலோ. மொத்தம் 90 கிலோ. கடல்நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.025 கிலோ. ஆக, 88 லிட்டர் நீரை விலக்கினால்தான் மிதக்க முடியும். பலகையில் 108 லிட்டர் இருக்கிறது. மீதி 20 லிட்டர்.

20 லிட்டர் மிச்சம் என்று கேட்டால் தாராளமாகத் தெரியும். ஆனால் பலகையின் மேற்பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர். 20 லிட்டரை அதன்மேல் பரப்பினால் உயரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. நீர்மட்டத்துக்கு மேலே சராசரியாக அவ்வளவுதான் தலைகாட்டுகிறது. நடுவிலிருந்து விளிம்பு 37 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால், பலகை 2 பாகைக்குக் கொஞ்சம் மேல் சாய்ந்தாலே அந்தப் பக்கத்து விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். விளிம்பு நடுப்பகுதியைவிட மெலிதாக இருப்பதால் உண்மையில் அதற்கும் முன்பே போகும். விளிம்பு மூழ்கியதும் அந்தப் பக்கத்தில் மேலும் மூழ்கி எதிர்த்துத் தள்ள நுரை மிச்சம் இல்லை. புதியவர் ‘திடீரென்று கவிழ்த்துவிட்டது’ என்று சொல்லும் அந்தக் கணம் இதுதான்.

லிட்டர் கணக்கு மிதப்பைச் சொல்கிறது, நிற்பதைச் சொல்வதில்லை. கடைகளிலும் கடற்கரையிலும் எல்லோரும் லிட்டரையே பேசுகிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. ஒரே 108 லிட்டரை அகலமாகவும் மெலிதாகவும் செய்யலாம், குறுகலாகவும் தடிப்பாகவும் செய்யலாம். இரண்டும் ஒரே எடையைச் சுமக்கும். ஆனால் இரண்டாவதில் உங்கள் கால் தண்ணீருக்கு மேலே உயரத்தில் இருக்கும், காலுக்குக் கீழே அகலமும் இருக்காது. எத்தனை பேர் இந்த வித்தியாசத்தைக் கேட்காமல் பலகை சொல்லிவிட்டு வருகிறார்கள்!

நிற்பதைக் கணக்கிட ஆர்க்கிமிடீஸுக்கு அப்பால், 18ஆம் நூற்றாண்டுக்கு வர வேண்டும். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்கு 1735இல் புறப்பட்டுப் போன பிரெஞ்சுக் குழுவில் பியேர் பூகே என்ற கணித அறிஞர் இருந்தார். மலையில் அளவை வேலை செய்துகொண்டே கப்பல்களைப் பற்றி எழுதிவந்தார். 1746இல் வெளியான அவருடைய நூலில் மெட்டாசென்டர் என்ற கருத்து வருகிறது. மிதக்கும் பொருள் லேசாகச் சாய்ந்தால், நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையின் கோடும் பக்கவாட்டில் நகர்கிறது. நகர்ந்த அந்தக் கோடு பொருளின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிதான் மெட்டாசென்டர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் பொருள் தானாக நிமிரும். மேலே இருந்தால், சாய்ந்தது மேலும் சாயும்.

அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அகலம். அதுவும் அகலத்தின் மும்மடி. நீளம் ஒருமடிதான். 32 அங்குலப் பலகையிலிருந்து 29 அங்குலத்துக்கு வந்தால் 3 அங்குலம் குறைந்தது என்று நினைக்கிறோம். நிமிர்த்தும் திறனில் நாலில் ஒரு பங்கு போய்விட்டது. நீளமும் பத்தரை அடியிலிருந்து 8 அடி 2 அங்குலமாகக் குறைந்தால் மிஞ்சுவது 58 சதவீதம்.

தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம் உள்ள சாதாரணப் பலகையில் 80 கிலோ மனிதர் நின்றால், மெட்டாசென்டர் பலகையின் அடியிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தை ஒட்டி வருகிறது. முழங்காலை லேசாக மடக்கி நிற்பவரையும் பலகையையும் சேர்த்த ஈர்ப்பு மையம் சுமார் 90 சென்டிமீட்டரில் இருக்கிறது. நூலிழையில் தப்பிக்கிறார். நமது 29 அங்குலப் பலகையில் அதே மனிதரின் ஈர்ப்பு மையம் அதே 90 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது; மெட்டாசென்டரோ 65 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. 25 சென்டிமீட்டர் பற்றாக்குறை. இறுக்கமாக ஒரு சிலையைச் செய்து அதே எடையில் அந்தப் பலகைமேல் நிறுத்தினால் கவிழ்ந்துவிடும். எந்த ஷேப்பர் செய்தாலும் கவிழும்.

பின்னே ஏன் அதை வாங்குகிறார்கள்? அலை பிடித்த பிறகு அது வேறு பலகையாகிவிடுகிறது. வேகம் எடுத்ததும் நீரின் மேல்தள்ளல் வெறும் மிதப்பாக இல்லாமல், ஓடும் நீர் அடிப்பரப்பில் மோதித் தூக்கும் விசையாக மாறுகிறது. மூழ்கிக் கிடந்த விளிம்பு வெளியே வருகிறது. ஃபின்கள் பிடிக்கத் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் சுலபமாகச் சாயும் பலகைதான் வேண்டும். சாய்ந்தால்தான் விளிம்பு நீரை வெட்டித் திருப்பும். போர் விமானம் வடிவமைப்பவர்களும் இதே பேரத்தைத்தான் செய்கிறார்கள். 1984இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-29 சோதனை விமானம் தானாக நேராகப் பறக்காத வடிவம் கொண்டது. சட்டென்று திரும்பும் திறனுக்காக அந்த நிலையின்மையை ஏற்றுக்கொண்டு, வினாடிக்கு 40 முறை திருத்தம் கொடுக்கக் கணினிகளை வைத்தார்கள். உங்கள் பலகையில் அந்தக் கணினி நீங்கள்.

அந்தக் கணினிக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடாத பிள்ளை உண்டா? நீளமான குச்சி நிற்கும், பென்சில் நிற்காது. பென்சில் விழுகிற வேகத்துக்கு நம் கை ஈடுகொடுக்க முடியாது என்பதே காரணம். விழும் பொருளின் சாய்வு ஒவ்வொரு மடங்காகப் பெருக எவ்வளவு நேரம் எடுக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் திருத்த உடம்பு எவ்வளவு நேரம் எடுக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாச் சமநிலையும் நடக்கிறது. நமது பலகையில் தண்ணீர் ஓரளவு தாங்குவதால், சாய்வு பெருகும் நேரம் சுமார் அரை வினாடி. தசையின் மிக விரைவான அனிச்சைச் செயல் 40 மில்லிவினாடியில் கிளம்பிவிடும். உடம்பு முழுவதையும் ஒருங்கிணைத்து நிமிர்த்தும் தானியங்கி எதிர்வினைக்கு 100 மில்லிவினாடிக்குச் சற்று மேல் ஆகும். யோசித்துச் செய்யும் அசைவுக்கு 200 மில்லிவினாடி போல ஆகும். தசை சுருங்கத் தொடங்கி உடம்பு நகர்வதற்கு இன்னும் கொஞ்சம். எனவே நேரம் இருக்கிறது, ஆனால் வீணாக்க இல்லை. யோசித்து யோசித்து நிற்பவர் விழுவார். திருத்தம் யோசனைக்குக் கீழே, தானியங்கித் தளத்தில் நடக்க வேண்டும். அங்கேதான் புதுப் பலகை சிக்கலைக் கொடுக்கிறது.

1976இல் லூயிஸ் நாஷ்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் அழகான சோதனையைப் பதிப்பித்தார். அசையக்கூடிய ஒரு மேடைமேல் ஆட்களை நிற்கவைத்தார். மேடையைப் பின்பக்கம் நகர்த்தினால் உடம்பு முன்னால் சாய்கிறது, கெண்டைக்கால் தசை இழுபடுகிறது. இழுபட்ட தசை தானாகச் சுருங்கி உடம்பைப் பின்னால் கொண்டுவருகிறது, நல்லது. அடுத்து, மேடையை நகர்த்தாமல் கால்விரல் பக்கத்தை மட்டும் மேலே தூக்கினார். இப்போதும் அதே தசை இழுபடுகிறது, அதேபோலச் சுருங்குகிறது. ஆனால் உடம்பு முன்னால் சாயவே இல்லை. இந்தச் சுருக்கம் ஆளைப் பின்னால் தள்ளிவிடுகிறது. அதே செய்தி, அதே பதில், எதிரான விளைவு. மூன்று முதல் ஐந்து முறை இப்படி நடந்ததும் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் நரம்பு மண்டலம் அந்தப் பதிலைத் தானாகவே அடக்கிக்கொண்டது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களால் அப்படி அடக்க முடியவில்லை.

இதைப் படித்தபோதுதான் புதுப் பலகையின் புதிர் எனக்கு முழுதாக அவிழ்ந்தது. அகலமான பழைய பலகை எளிதில் சாயாது. அதில் கணுக்கால் மடங்கினால் ‘உடம்பு சாய்ந்துவிட்டது’ என்று பொருள். பல மாதப் பழக்கத்தில் மூளை அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுப் பலகையிலும் கணுக்கால் மடங்குகிறது. ஆனால் இப்போது உடம்பு நேராகத்தான் இருக்கிறது, காலுக்குக் கீழே பலகைதான் சாய்ந்திருக்கிறது. பழைய பொருளை நம்பி மூளை பதில் சொல்கிறது. அந்தப் பதிலே ஆளைத் தள்ளுகிறது. காலில் வலு போதவில்லை என்று நினைத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வலுவுக்கு இதில் வேலை குறைவு.

சாய்ந்தது உடம்பா, பலகையா என்று பிரித்துச் சொல்ல மூளைக்கு வேறு சாட்சிகள் வேண்டும். உட்காதின் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று சொல்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள் எது கீழ்ப்பக்கம் என்று சொல்கின்றன. கண் அடிவானத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குச் சாட்சி சொல்கிறது. புதியவர் என்ன செய்கிறார்? தலை குனிந்து பலகையின் மூக்கைப் பார்க்கிறார். தலை குனிந்ததும் உட்காதின் குழல்கள் பழக்கமில்லாத கோணத்துக்குப் போய்விடுகின்றன. அடிவானம் பார்வையிலிருந்து மறைகிறது. அதற்குப் பதிலாக, நகர்ந்துகொண்டே இருக்கும் நீர்ப்பரப்பு கண் நிறைய வந்து, நாமே நகர்வதுபோன்ற பொய்யுணர்வைத் தருகிறது. இருந்த இரண்டு நல்ல சாட்சிகளையும் அவரே அனுப்பிவிட்டார். ‘கரையைப் பார், காலைப் பார்க்காதே’ என்று கடற்கரையில் கத்துகிற பயிற்சியாளர் சொல்வது உடலியல்.

புதுப் பலகையில் நிற்பவரின் காலைக் கொஞ்சம் கிட்டத்தில் கவனியுங்கள். கால்விரல்கள் மெத்தையைப் பற்றிக்கொள்ளப் பார்த்து மடங்கி, நுனி வெளுத்திருக்கும். கெண்டைக்கால் தசையும் அதற்கு எதிரே முன்னங்கால் தசையும் ஒரே நேரத்தில் புடைத்திருக்கும். தோள் காதுவரை ஏறியிருக்கும். துடுப்பு தண்ணீரில் இருக்காது. காற்றில் குறுக்காகப் பிடித்திருப்பார். முழு உடம்பும் ஒரே துண்டாக இறுகியிருக்கிறது. அப்படி இறுகினால் பலகையின் ஒவ்வொரு அசைவும் கணுக்காலில் நிற்காமல் தலைவரை ஏறும். மேலே சொன்ன அந்தச் சிலையாகத் தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறார்.

சோவியத் உடலியலாளர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் இந்த இறுக்கத்தை விளக்கியவர். 1920களில் மாஸ்கோவில் சம்மட்டியால் உளியை அடிக்கும் தொழிலாளர்களின் அசைவைப் படமெடுத்து ஆராய்ந்தார். தேர்ந்த தொழிலாளியின் சம்மட்டி முனை ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இறங்கியது; ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொரு முறையும் சற்று வேறு மாதிரி அசைந்தன. ஒரு மூட்டின் பிழையை இன்னொரு மூட்டு ஈடுகட்டியது. புதிதாகக் கற்பவர் அத்தனை மூட்டுகளையும் ஒரே நேரத்தில் ஆளத் தெரியாமல் பாதியைப் பூட்டிவைக்கிறார் என்றும், பழகப் பழகப் பூட்டைத் திறக்கிறார் என்றும் அவர் கருதினார். பலகையிலும் அதுவேதான். சில வாரம் கழித்து அதே மனிதரைப் பாருங்கள். பலகை முன்பைவிட அதிகமாகவே ஆடும். கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் தனித்தனியே இளகி அதை விட்டுக்கொடுக்கும். தலை மட்டும் ஒரே உயரத்தில் அசையாமல் போய்க்கொண்டிருக்கும். விரல்கள் விரிந்திருக்கும். பலகை ஆடுவதை நிறுத்துவது நோக்கம் அல்ல என்று உடம்பு கண்டுகொண்டுவிட்டது.

நிற்கும் விதம் மாறும்போது பாடமும் மாறுகிறது. துடுப்புப் போடும்போது கால்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், விரல்கள் மூக்கைப் பார்த்து இருக்கும். அப்போது பக்கவாட்டுச் சாய்வைத் திருத்துவது இடுப்பு. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறது. அலை பிடிக்கும்போது ஒரு காலைப் பின்னே இழுத்து உடம்பைப் பக்கவாட்டில் திருப்புகிறோம். இப்போது அதே பக்கவாட்டுச் சாய்வு கால்விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவிலான சாய்வாக மாறிவிட்டது. அதைத் திருத்துவது கெண்டைக்கால். பலகையின் ஒரே அசைவுக்கு இரண்டு வெவ்வேறு தசைக் கூட்டங்கள். ஒன்றில் தேறியவர் மற்றதில் தடுமாறுவது இயல்பு. நடுவில் ஒரு நிலை உண்டு: ஒரு காலை அரை அடி மட்டும் பின்னே வைத்துச் சற்றே கோணலாக நிற்பது. குறுகிய பலகையில் அலைக்குக் காத்திருக்க அதுவே சிறந்தது என்பது என் எண்ணம். இடுப்பும் கணுக்காலும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன.

துடுப்பு இங்கே வெறும் உந்துகோல் அல்ல. அலகு தண்ணீரில் அழுந்தியிருக்கும்வரை கைக்குப் பிடிமானம் இருக்கிறது. பாதங்கள் இரண்டு என்றால் அது மூன்றாவது. பலகை நகர்ந்துகொண்டிருந்தால் ஃபினும் அடிப்பரப்பும் கொஞ்சம் நிலைப்பைத் தரும். ஆகவே மிக மோசமான நிலை, துடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்தில் நிற்பது. பயந்தவர் செய்வது சரியாக அதையே. சின்னச் சின்ன வீச்சாகப் போட்டுக்கொண்டே இருங்கள். நிற்க வேண்டியிருந்தால் அலகைத் தண்ணீரில் தட்டையாக வைத்து முன்னும் பின்னும் தடவிக்கொண்டிருங்கள்.

பழகுதல் மூளையில் எப்படிப் பதிகிறது என்பதற்கு 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரெசா ஷாட்மெரும் முசா-இவால்டியும் செய்த சோதனை அடித்தளம். ஓர் இயந்திரக் கையைப் பிடித்துக்கொண்டு புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்க்கோட்டில் நகர்த்தச் சொன்னார்கள். இயந்திரம் கையை விசித்திரமாகப் பக்கவாட்டில் தள்ளியது. முதலில் கோடுகள் வளைந்தன. பல முறை செய்ததும் மறுபடி நேராயின. அதற்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அந்தத் தள்ளலை நிறுத்தினார்கள். உடனே கோடு எதிர்ப்பக்கம் வளைந்தது. தள்ளல் வரும் என்று முன்கூட்டியே கணித்து, மூளை எதிர்விசையைத் தயாராக வைத்திருந்தது என்பதற்கு அதுதான் சான்று. கற்றுக்கொள்வது விசை வந்தபின் எதிர்ப்பதை அல்ல, வருவதற்கு முன்பே அதைக் கணிப்பதை. ஒவ்வொரு தடவை விழும்போதும், எதிர்பார்த்த சாய்வுக்கும் நடந்த சாய்வுக்கும் உள்ள வித்தியாசம் சிறுமூளைக்குப் போகிறது. கணிப்பு கொஞ்சம் திருத்தப்படுகிறது. விழாதவருக்குத் திருத்தம் குறைவு. புதுப் பலகையில் பழகிவிட்டுப் பழையதில் ஏறினால் முதல் சில நிமிடம் அது மந்தமாக, கட்டையாக இருப்பதும் இதே காரணத்தால்.

ஒன்றைக் கற்ற உடனே அதற்கு எதிரானதைக் கற்றால் முதலாவது அழியும் என்றும், சில மணி நேரம் இடைவெளி விட்டால் தப்பிக்கும் என்றும் 1996இல் ஷாட்மெர் பங்கேற்ற இன்னொரு ஆய்வு சொன்னது. பிந்தைய ஆய்வுகளில் சில அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனாலும் ஒரே காலையில் இரண்டு பலகைகளை மாற்றி மாற்றி ஏறுவதைவிட, புதியதோடு அந்தப் பொழுதை முடித்துக்கொள்வதை நான் விரும்புவேன். உடம்பு களைத்த பிறகும் தொடர்வதில் பயன் இல்லை. களைத்த தசை இறுகும். பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் பூட்டிப் பழகிவிட்டுப் போவார். குறைந்த நேரம், பல நாள்.

எந்த நீரில் தொடங்குவது என்பதும் முக்கியம். ஆள் நிற்கும் பலகையின் ஆட்டத்தோடு சிறு காற்றலைகளின் ஆட்டம் ஒத்துப்போனால் இரண்டும் சேர்ந்து பெருகும். ஒன்றிரண்டு வினாடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் தட்டும் சிற்றலைதான் நீண்ட பெரிய அலையைவிட அதிகம் படுத்துகிறது. அதனால் விடிந்த கையோடு, கடற்காற்று கிளம்பும் முன் இறங்குங்கள். கோவளத்தில் கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டி அந்தக் காற்று வந்துவிடும். முதலில் அமைதியான நீர், பிறகு முழங்கால் உயர அலை. பலகையைத் தூக்கும் கைப்பிடி பொதுவாகப் பலகையின் எடை நடுவில் இருக்கும். கால்களை அதன் இருபக்கமும் வைத்துத் தொடங்கி, மூக்கும் வாலும் ஒரே மாதிரி மிதக்கும் இடத்தைத் தேடுங்கள். இரண்டு விரல்கடை பின்னே போனாலும் மூக்கு தூக்கி, நீரில் படியும் நீளம் குறைந்து, ஆட்டம் கூடும். சரியான இடம் கிடைத்ததும் மெத்தையில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலை வேறு இடத்தில் வைத்தால் சிறுமூளை வேறு வேறு பலகையைக் கற்றுக்கொண்டிருக்கும். ஃபின்னையும் துடுப்பின் நீளத்தையும் இந்த நாட்களில் மாற்ற வேண்டாம். பலகை பிடிபட்ட பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஆழம் குறைந்த இடத்தில் விழும்போது தலைகுப்புறப் பாயாதீர்கள். பலகையை விட்டுத் தள்ளி, தட்டையாக விழுங்கள். லீஷ் இல்லாமல் இறங்கவே கூடாது. அலை உருட்டிக் கொண்டுபோகும் 8 கிலோப் பலகை கரையில் குளிக்கும் குழந்தையின் தலையில் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வயது ஒரு கேள்வி. முழங்கால் தேய்ந்து, படுத்தெழும் அலைச்சறுக்கை விட்டுவிட்டு இதற்கு வருகிற நடுவயதினர் உலகெங்கும் நிறையப் பேர். உட்காதின் உணர்முடிச் செல்கள் வயதோடு குறைகின்றன, எதிர்வினை நேரமும் கூடுகிறது. ஆனாலும் கணிப்பைத் திருத்திக்கொள்ளும் திறன் போய்விடுவதில்லை; நேரம்தான் கூடுதலாக எடுக்கும். அவர்களுக்கு ஓர் அங்குல அகலம் கூடுதலாக வைப்பதில் தயக்கமே வேண்டாம். 29 அங்குலத்தை 30 ஆக்கினால் நிமிர்த்தும் திறன் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அலையில் அதற்காக இழப்பது அவ்வளவு இல்லை.

இன்னும் பலகை சொல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷேப்பரிடம் உங்கள் உண்மையான எடையைச் சொல்லுங்கள், நனைந்த உடையோடு. இப்போது நிற்கும் பலகையின் அகலத்தையும் தடிமனையும் அளந்து கொண்டுபோங்கள். முதலில் அகலத்தைப் பேசி முடியுங்கள், அப்புறம் லிட்டர். ஒரே தாவலில் 3 அங்குலம் குறைக்காமல் ஒன்றரையில் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு, விழுந்து எழுந்து வெறுத்துப்போய் விற்கலாமா என்று இருப்பவர்கள் இன்னும் சில வாரம் பொறுங்கள். பழைய பலகையையும் கொடுத்துவிட வேண்டாம். காற்றடித்துக் கடல் கலங்கியிருக்கும் நாளில் ஏற அது வேண்டும்.